பச்சைச் செதில்

என் தங்கைக்குச் சொறி என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. சொறியைச் சொறி என்றுதானே சொல்ல முடியும், ரோஜாப்பூ என்றா சொல்வார்கள்? 'ஐயோ பாவம்' என்று ஒரு பெருமூச்சும் சேர்த்து விடுகிறார்களே, அவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது. பாவப்படுவதற்கு அவள் என்ன காலை ஒடித்துக்கொண்டா கிடக்கிறாள்? இந்த ஊர்த் தபாலும் மருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருவது அவள் கைவேலையால். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவளுக்குச் சிறகன் லாயத்தில் வேலை. சிறகன் என்றால் பாதி குதிரை, பாதி ஓணான், முதுகில் பாய் அகலத்துக்கு இரண்டு இறக்கை. பக்கத்தில் நின்று பார்த்தால் மிச்சத் துணிகளை வைத்து யாரோ அவசரத்தில் தைத்துப் போட்டது போல இருக்கும். பறக்கும்போது பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பீர்கள். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பது போல அதன் இறக்கையில் ஒரு பொடி உண்டு. அத்தனை பெரிய உடம்பை மேலே தூக்குவது அந்தப் பொடிதான் என்று லாயத்துக்காரர்கள் சொல்வார்கள். தூங்குகிற சிறகன் தரையை விட்டு நாலு விரற்கடை உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை அந்தப் பொடியைச் சீவி விட வேண்டும். சீவாவிட்டால் கட்டி தட்டிப்போய் இறக்கை ஒரு பக்கம் கனக்கும். மலைக்கு மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீவுகிறவர்கள் கையில் அந்தப் பொடி ஏறும். கையுறை போட்டால் பொடி கட்டியிருக்கிற இடம் விரலுக்குத் தெரியாது, அதனால் வேலை தெரிந்த யாரும் போடுவதில்லை. மூன்று வருஷத்தில் தோல் தடித்து, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக எழும்பிப் பளபளக்கும். டாக்டர்கள் அதைச் சிறகுச் செதில் நோய் என்கிறார்கள். லாயத்தில் மினுக்கு, தெருவில் சொறி. பெயர் எதுவானாலும் அரிப்பு ஒன்றுதான். உயிருக்கு ஆபத்தில்லை. குளிர்காலத்தில் வெடித்து எரியும். அப்புறம், செதில் வந்த இடம் எடை குறைந்துவிடும். என் தங்கைக்கு இரண்டு முழங்கையும் செதில். தூங்கும்போது அவள் கைகள் தாமாக மேலே எழும்பி, யாரையோ வழியனுப்புகிற மாதிரி நின்றுகொண்டிருக்கும். நான் பிடித்து இழுத்துப் போர்வைக்குள் திணிப்பேன். ஆறு வருஷமாகத் திணித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேர்தான். மாடியில் ஒற்றை அறை, ஒரே கட்டில், ஒரே சீப்பு. நான் தையல்காரி. தெருப் பக்கத்து ஜன்னலோரம் என் மிஷின். கீழே வீட்டுக்காரம்மா குடியிருக்கிறாள். மேலே சொன்ன பெருமூச்சுக்காரர்களில் முதல் ஆள் அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் புது சுகாதார டாக்டர் வந்தார். சின்ன வயசு, நல்ல படிப்பு, கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் செதில் இருந்தால் பரவாயில்லை, அவர் வேலைக்குப் போகலாம். அதே வீட்டில் இன்னொருவருக்கும் வந்துவிட்டால், அது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுகிற ஜாதி. அப்புறம் அந்த வீட்டில் செதில் உள்ளவர்கள் எல்லோரும் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற அக்கரை விடுதிக்குப் போக வேண்டும். போனால் போனதுதான். இதுவரை பதினெட்டுப் பேர் போயிருக்கிறார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் லாயத்தில் வேலை செய்து இரண்டு பேருக்கும் வந்திருந்தாலும், டாக்டர் கணக்கில் அது அவரிடமிருந்து இவளுக்கு ஒட்டியது.

ஆக, என் தங்கை இக்கரையில் இருப்பது என் தோலை நம்பி. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் சுத்தம் என்று அவர்கள் எழுதினால் அவள் வேலைக்குப் போகலாம். என் தோலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஒரு மரு கிடையாது.

இந்த முறை வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லி ஓலை வந்திருந்தது. புதன்கிழமை காலையில், குளியலறையில், விளக்கு வெளிச்சத்தில், என் இடது தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மினுங்குவதைப் பார்த்தேன்.

சோப்பு நுரை என்று நினைத்துத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். செதில் செதிலாகக் கையில் தட்டுப்பட்டது. இரண்டு வாரமாக அந்த இடத்தில் அரித்தது உண்மை. மிஷின் பலகை உரசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரமாகத் துடைத்து, பாவாடையைக் கட்டிக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி வெளியே வந்தேன்.

தங்கை அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா ஒரு காலு மட்டும் துள்ளுது? நடனம் கத்துக்கப் போறியா?"

நான் குனிந்து பார்த்தேன். இடது கால் ஒவ்வொரு அடிக்கும் வலது காலை விட ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எடை குறைவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

"காட்டு" என்றாள்.

"ஒண்ணுமில்லடி, சுளுக்கு."

"அக்கா, காட்டு."

காட்டினேன். அவள் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்படி விளக்கு வெளிச்சத்தில் தள்ளி நின்றே பார்த்தாள். எனக்கு வந்ததை விட அதுதான் எனக்கு வலித்தது. இந்த ஆறு வருஷத்தில் ஊரே தள்ளி நின்றிருக்கிறது, அவள் என்னிடம் தள்ளி நின்றதில்லை.

"என்னாலதான்" என்றாள். அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து இரண்டு ஜோடித் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?"

"நாளைக்கு நீ அதைக் காட்டவேணாம். முழங்காலுக்கு மேல அவரு பாக்கறதே இல்ல. உன்னைச் சுத்தம்னு எழுதட்டும். நான் தானாவே அக்கரைக்குப் போறேன்னு சொல்லிடறேன்."

"உனக்குப் பைத்தியமா? மறைக்கறதுன்னா ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாமே. நீ எதுக்குப் போகணும்?"

"இன்னைக்குத் தொடை. நான் இங்கயே இருந்தா நாளைக்கு உன் விரல்ல வரும். விரல்ல வந்தா ஊசி பிடிப்பியா நீ? என்னால உன் தொழில் போகணுமா?"

"நீ போயிட்டா செம்பனை யாரு சீவுவா?"

செம்பன் அவள் பார்த்துக்கொள்கிற சிறகன். செப்புக்குடம் மாதிரி நிறம், மிளகாய் மாதிரி குணம். அவளைத் தவிர யார் இறக்கைக்கு அடியில் கை விட்டாலும் உதைக்கும். லாய மேஸ்திரியின் விலா எலும்பு இரண்டு அதற்குச் சாட்சி.

"யாராவது சீவுவாங்க" என்றாள். யாரும் சீவ மாட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்தால் மிஷினில்தான் போய் உட்காருவேன். திட்டினால் பதிலுக்குத் திட்டுகிறவளாக இருந்தால் திட்டியிருப்பேன். அவள் பதில் சொல்லாமல் துணி மடிக்கிறவள். அவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

மிஷினில் லாயத்துச் சேணத்துணி ஒன்று பாதியில் கிடந்தது. சிறகன் முதுகில் சேணத்துக்கு அடியில் போடுகிற தடித்த துணி. லாயத்து வேலை முழுக்க என் கையில்தான். இந்தத் துணி பாசியுடையது. பாசி, குளத்துப்பாசி நிறத்தில் ஒரு குண்டுச் சிறகன். எங்கேயாவது உரசிக்கொண்டே இருக்கும் கழுதை. அதனால் மாசம் இரண்டு துணி கிழிந்து வரும்.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாயத்திலிருந்து வருகிற துணியை ஒரு நாள் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அப்புறம்தான் தைக்க வேண்டும் என்று விதி. எனக்கு அந்த விதி பிடிக்காது. நனைந்து காய்ந்த தடித்துணி விறைத்துக்கொண்டு நிற்கும், தையல் ஓரத்தில் சுருக்கம் விழும். காய்ந்தபடியே முதலில் தைத்துவிட்டு அப்புறம் ஊறப்போட்டால் தையல் தகடு மாதிரி படிந்து கிடக்கும். என் தையலில் சுருக்கம் என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை. அந்தப் பெருமைக்காக மூன்று வருஷமாக, பொடி உதறாத துணியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் தையலால் கெட்டேன்.

ஆனால் இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கோபத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு நூல் தீர்ந்துவிட்டது. ஓரத்துக்கு அதே பச்சையில் நூல் வேண்டும். நூல் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து எடுக்கிறவள் தையல்காரியே இல்லை. விளக்குக்கு எல்லாம் ஒன்றுதான். பச்சையையும் மஞ்சளாகக் காட்டும், பழுப்பையும் மஞ்சளாகக் காட்டும். ஆகவே துணியையும் நாலைந்து நூல் கண்டுகளையும் அள்ளிக்கொண்டு ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் உட்கார்ந்தேன். புழுக்கம் தாங்காமல் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தேன். மடியில் துணி, துணி மேல் நூல், துணி விலகிய இடத்தில் என் தொடை.

மூன்றும் ஒரே பச்சை.

காலையில் பொன் மாதிரி மினுங்கிய செதில், வெயிலில் அச்சு அசல் பாசியின் பச்சை. நூல் கண்டை எடுத்துத் தொடை மேல் வைத்தேன். கண்டு எது, தோல் எது என்று தெரியவில்லை. துணி மடியில் கிடக்கும் இடமும் செதில் வந்த இடமும் ஒன்று. இத்தனை வருஷம் என் கழுத்தில் கைபோட்டுத் தூங்குகிறவள் என் தங்கை. கழுத்தில் ஒன்றும் இல்லை.

"இங்க வாடி" என்றேன்.

"துணி மடிக்கறேன்க்கா."

"மடிச்சது போதும். கையைக் கொண்டா."

கிட்டே வர மறுத்தாள். நான் எழுந்து போய் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்து வந்தேன். வெயிலில் அவள் முழங்கை செம்பு. செம்பனின் செம்பு.

"பாசியைச் சீவறாளே, அந்த உயரமான பொண்ணு. அவ கை என்ன நிறம்?"

"பச்சை."

"கரியனைச் சீவறவரு?"

"கருநீலம். எந்தச் சிறகனைச் சீவறோமோ அந்த நிறந்தான் ஏறும். லாயத்துல எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும்னா, டாக்டருக்கு?"

"அவரு கேக்கலையே."

இருபது பேர் கையை வைத்துக்கொண்டு, எவரும் கேட்கவில்லை என்பதற்காக எவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? ஆறு வருஷம் அந்தக் கையை இழுத்துப் போர்த்திய நானும் யோசிக்கவில்லை.

விஷயத்தை அவளுக்குச் சொன்னேன். கேட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்தது, முழுசாகத் தெளியவில்லை.

"ஒருவேளை என்கிட்ட இருந்து வந்து உன் உடம்புல பச்சையா மாறியிருந்தா?"

"நான் என்ன சாயப்பட்டறையா?"

"டாக்டர் அப்படித்தான் கேப்பாரு. கேட்டு, ரெண்டு பேரையும் அனுப்பிடுவாரு. வேணாம்க்கா. நீ காட்டாத. நான் மட்டும் போறேன்."

நான் பச்சை நூலை மிஷினில் கோத்தேன். நான் பேசாமல் இருந்தாலே அவள் பயந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சுகாதார அலுவலகத்து வராந்தாவில் லாயத்து ஆட்கள் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். மேஸ்திரியும் வந்திருந்தார், யார் யாரை அனுப்பினோம் என்று கையெழுத்துப் போட. எங்கள் முறை வந்தது. டாக்டர் அறையில் ஜன்னல் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். வெளியே நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று பெண்களுக்காகச் செய்த ஏற்பாடு. மேஜை மேல் பெரிய மஞ்சள் விளக்கு, பக்கத்தில் பூதக்கண்ணாடி. மூலையில் குமாஸ்தா பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் என் கை, கழுத்து, முதுகு, கால் எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். சொன்ன மாதிரியே முழங்காலோடு நிறுத்திக்கொண்டார்.

"சுத்தம்" என்றார் குமாஸ்தாவிடம். குமாஸ்தா பேனாவைத் தொட்டு எழுதப் போனார். பக்கத்தில் என் தங்கை வாயைத் திறந்தாள். 'நான் தானாகவே போகிறேன்' என்று சொல்லத்தான். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இன்னும் பாக்கலியே டாக்டர்" என்று பாவாடையைத் தூக்கினேன்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் விளக்கைக் கிட்டே நகர்த்தினார். விளக்கில் என் தொடை பொன்னாக மினுங்கியது. பக்கத்தில் நின்ற தங்கையின் கையும் பொன்னாக மினுங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களா சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார் மெதுவாக. "ஆனா சட்டம் உங்களுக்குத் தெரியும். ரெண்டு பேரும் போக வேண்டியிருக்கும்."

"எந்த நிறம்னு எழுதுவீங்க?"

"பொன்னிறப் பளபளப்பு. எல்லாருக்கும் அதுதான்."

"விளக்குல பாத்தா எல்லாருக்கும் அதுதான் டாக்டர். நீங்க தோல் படிச்சவரு, நான் துணி படிச்சவ. ஒரு கஜம் துணிகூட விளக்குல நிறம் பாத்து நான் வாங்க மாட்டேன். நீங்க அதை வெச்சு பதினெட்டு பேரை அக்கரைக்கு அனுப்பியிருக்கீங்க. வெயிலுக்கு வாங்க."

"இங்க பாருங்கம்மா, இது பெரிய பூதக்கண்ணாடி..."

பூதக்கண்ணாடியைப் பற்றிக் கேட்க நான் நிற்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவைத் தாண்டி, படியிறங்கி, நடுத்தெருவுக்கு வந்தேன். உச்சியை நெருங்கும் வெயில். பாவாடையைத் தொடை வரைக்கும் வழித்து, அந்தக் காலை அலுவலகத்து மதில் மேல் தூக்கி வைத்தேன். லேசான கால்தானே, சுலபமாக ஏறியது. அதற்குப் பக்கத்தில் தங்கையின் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரம்மாவும் கூடையோடு நின்றாள். நிற்கட்டும். வெட்கப்படுவதற்கு நான் என்ன திருடிக்கொண்டா வந்தேன்?

எங்களை உள்ளே கூட்டிப் போகத்தான் டாக்டர் வெளியே வந்தார். வந்தவர் படியிலேயே நின்றார்.

வெயிலில் என் தொடை பச்சை. அவள் கை செம்பு. கண்ணுள்ள யாரும் இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியாது.

"பாசியோட பச்சை அது" என்றார் மேஸ்திரி, வராந்தாவிலிருந்து கழுத்தை நீட்டி. "எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"என் தங்கச்சி பாசியைத் தொட்டதே இல்ல. நான் பாசியோட சேணத்துணியை ஊறப்போடாம மடியில போட்டுத் தெச்சேன். தப்பு என்னோடது. அவகிட்டேருந்து எனக்கு ஒட்டியிருந்தா இது செம்பா இருக்கணும்" என்றேன்.

டாக்டர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் தங்கை முந்தின நாள் கேட்டதையே கேட்டார். "ஆளுக்கு ஆள் மாறும்போது நிறமும் மாறினா?"

சாயப்பட்டறைப் பதிலை இவரிடம் சொல்ல முடியாது. வேறு பதில் என்னிடம் இல்லை. நடுத்தெருவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் நானே அக்கரைக்கு அனுப்பிவிட்டேனோ என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

ஆனால் டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "அக்கரைல பதினெட்டு பேர். ரெண்டு வருஷமா ஒண்ணா இருக்காங்க, ஒண்ணா சாப்பிடறாங்க. ஆளுக்கு ஆள் ஒட்டற வியாதின்னா ஒவ்வொருத்தர் மேலயும் இந்நேரம் பல நிறம் கலந்திருக்கணும்." நிமிர்ந்து மேஸ்திரியைப் பார்த்தார். "யார் எந்தச் சிறகனைச் சீவினாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன் டாக்டர்."

"அப்ப வாங்க. இப்பவே போய்ப் பாத்துடுவோம். பேரேட்டை எடுங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

பாலத்தைத் தாண்டி நடந்தே போனோம். முன்னால் டாக்டர், பின்னால் குமாஸ்தா, மேஸ்திரி, நாங்கள் இருவர், எங்களுக்குப் பின்னால் பாதித் தெரு. தங்கை தன் பையை எடுத்து வந்திருந்தாள். திரும்பி வருவோம் என்று அவளுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை.

விடுதியின் முற்றத்தில் நல்ல வெயில். பதினெட்டுப் பேரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். டாக்டர் வந்தால் ஏதோ புதுச் சட்டம் என்று பயந்துதான் வந்து நின்றார்கள். சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னதும் சுருட்டினார்கள்.

அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்? கருநீலம், வெள்ளி, மஞ்சள், பச்சை, செங்கல் சிவப்பு. புருஷன் பெண்டாட்டி ஒரு ஜோடி. புருஷன் கை வெள்ளி, பெண்டாட்டி கை கருநீலம். ஒரே அறையில் இரண்டு வருஷம் படுத்தவர்கள், ஒருவர் நிறம் ஒரு பொட்டுகூட இன்னொருவர் மேல் இல்லை. அண்ணன் தம்பி ஒரு ஜோடி. ஒருவன் மஞ்சள், ஒருவன் செங்கல். ஒவ்வொருவரையும் கடக்கும்போது மேஸ்திரி சிறகனின் பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் நிறத்தைச் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். ஒரு கைகூடத் தப்பவில்லை. அடுப்படியிலிருந்து விடுதிச் சமையல்காரியைக் கூப்பிட்டு அவள் கையையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, மாவு மட்டும் இருந்தது.

இந்த ஊர்த் தபாலையெல்லாம் பறக்கவிட்ட கைகள் அவை. இரண்டு வருஷமாகச் சும்மா வைத்திருந்தார்கள். எனக்கும் போய் அந்த வரிசையில் நிற்கத் தோன்றியது. பரிதாபத்தால் இல்லை. இந்தக் கூட்டத்தில் என் தங்கையும் ஒருத்தி, இப்போது என் தொடை அளவுக்கு நானும் ஒருத்தி என்ற பெருமையால்.

டாக்டர் நடு முற்றத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார். அதைச் செய்வதற்கும் ஒரு மனசு வேண்டும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இது ஆளுக்கு ஆள் ஒட்டல. நான் தப்பா எழுதிட்டேன்" என்றார். "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

யாரும் நகரவில்லை. காதில் விழுந்தது மனசில் விழ நேரம் பிடித்தது. அப்புறம் அந்தக் கருநீலக் கைக்காரி புருஷனின் கையைப் பிடித்தாள். வாசல் பக்கம் இழுத்தாள்.

டாக்டர் குமாஸ்தாவிடம் உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். "சட்டம் ரத்து. காரணம் இப்படி எழுதுங்க. செதிலின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று ஒரு நோயாளி சொன்னதன் பேரில்..."

"டாக்டர்" என்று ஒரு குரல் கேட்டது.

என் தங்கை. அதிகாரிகள் முன்னால் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. எப்போதும் நான்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசுவேன். பையைத் தரையில் வைத்துவிட்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். முழங்கை இரண்டும் வெயிலில் செம்பாக ஜொலித்தன.

"நோயாளின்னு எழுதாதீங்க. அவங்க எங்க அக்கா. இந்த ஊர் தையல்காரி. தையல்காரி சொன்னாங்கன்னு எழுதுங்க."

குமாஸ்தா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். குமாஸ்தா எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கோணல் எழுத்து. வேறு நாளாக இருந்திருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்றைக்கு, தரையில் கிடந்த தங்கையின் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன்.